"அதான் குளுக்கோஸ் ஏறுதே!" - படுகாயமடைந்தவரின் குடலுக்கும் உண்டு 48 மணி நேரக் கெடு

ஐ.சி.யூ. கதவுக்கு வெளியே நிற்பவர்கள் கேட்கும் கேள்விகளுக்கு ஒரு வரிசை இருக்கிறது. முதலில், "உயிருக்கு ஒண்ணும் ஆகாதுல்ல?" அடுத்து, "எப்ப சார் கண்ணு முழிப்பாரு?" அதன்பிறகு பணம். சாப்பாட்டைப் பற்றி யாராவது கேட்க இரண்டு, மூன்று நாள் ஆகிவிடும். அப்படியே கேட்டாலும் பக்கத்தில் நிற்கும் உறவினரே பதில் சொல்லிவிடுவார்: "அதான் குளுக்கோஸ் ஏறுதே!"

சிக்கல் இந்தப் பதிலில்தான் இருக்கிறது.

சென்னையிலிருந்து வரும் 48-ம் எண் தேசிய நெடுஞ்சாலையும், சேலத்திலிருந்து வரும் 44-ம் எண் நெடுஞ்சாலையும் கிருஷ்ணகிரியில் சேர்ந்து, சூளகிரி, ஓசூர், அத்திப்பள்ளி வழியாக பெங்களூருக்குப் போகின்றன. லாரி, கம்பெனி பஸ், ஷிஃப்ட் முடிந்து திரும்பும் பைக் எல்லாமே ஒரே சாலையில்தான். மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி 2022-ல் நாட்டிலேயே அதிக சாலை விபத்துகள் நடந்த மாநிலம் தமிழ்நாடு. அந்த ஒரே ஆண்டில் 64,105 விபத்துகள், 17,884 உயிரிழப்புகள். இதோடு சிப்காட் தொழிற்சாலைகளில் பிரஸ் மெஷினில் சிக்கும் கைகள், கிரானைட் குவாரி விபத்துகள், பட்டாசு தீ விபத்துகள் வேறு.

தலையில் அடி என்றால் இந்தப் பகுதிக் குடும்பங்கள் பலவும் உடனே சொல்லும் ஊர் பெங்களூரு. ஓசூரிலிருந்து சுமார் 40 கிலோமீட்டர்தான். ஆனால் முதல் மருத்துவமனை, ஸ்கேன், அங்கிருந்து இன்னொரு மருத்துவமனை, அங்கே மறுபடி ஸ்கேன், அறுவை சிகிச்சைக்குக் காத்திருப்பு என்று ஒன்றரை நாள் சத்தமில்லாமல் ஓடிவிடும். அவ்வளவு நேரமும் அடிபட்டவரின் வயிறு காலி.

இதில் என்ன பெரிய ஆபத்து? கொஞ்சம் விளக்கமாகப் பார்க்கலாம்.

இரண்டு 48

தமிழ்நாடு அரசின் 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். 2021 டிசம்பர் 18-ல் மேல்மருவத்தூரில் தொடங்கப்பட்டது. சாலை விபத்தில் காயமடைந்தவருக்கு முதல் 48 மணி நேரம் கட்டணமில்லா சிகிச்சை. தொடங்கியபோது உச்சவரம்பு 1 லட்சம் ரூபாய். விபத்து தமிழ்நாட்டு எல்லைக்குள் நடந்திருந்தால் போதும், காயமடைந்தவர் கர்நாடகாவா, பீகாரா, ஒடிசாவா என்பது கணக்கில் இல்லை.

ரத்த இழப்பு, மூச்சு, மூளை வீக்கம் என உயிர் போகும் ஆபத்துகள் அதிகமாக இருக்கும் நேரம் அது என்பதால்தான் அந்த 48.

தீவிர சிகிச்சை மருத்துவத்தில் இன்னொரு 48 இருக்கிறது. அது அதிகம் பேசப்படுவதில்லை. வாயால் சாப்பிட முடியாத நிலையில் ஐ.சி.யூ.வில் இருப்பவருக்கு, ரத்த அழுத்தம் ஓரளவு நிலைப்பட்டதும், 24 முதல் 48 மணி நேரத்துக்குள் குழாய் வழியாகக் குடலுக்கு உணவு கொடுக்கத் தொடங்க வேண்டும். அமெரிக்க, ஐரோப்பிய ஊட்டச்சத்து மருத்துவ சங்கங்களின் வழிகாட்டுதல்கள் இரண்டும் இதைத்தான் சொல்கின்றன. பெரிய தீக்காயம் என்றால் ஐரோப்பிய வழிகாட்டுதல் இன்னும் அவசரப்படுத்துகிறது: 12 மணி நேரத்துக்குள்.

அடிபட்டது காலில், குடலுக்கு என்ன?

பெரிய விபத்தில் ரத்தம் குறையும்போது உடம்பு ஒரு முடிவெடுக்கிறது. இருக்கும் ரத்தத்தை மூளைக்கும் இதயத்துக்கும் திருப்பிவிடுகிறது. அதற்காக முதலில் ரத்தம் குறைக்கப்படும் இடங்களில் ஒன்று குடல். காலில் எலும்பு முறிந்தவருக்கும் இதே கதைதான். குடலில் ஒரு கீறல்கூட இருக்காது, ஆனால் அது பட்டினி கிடக்கும்.

குடலின் உள்சுவர் சும்மா ஒரு குழாயின் சுவர் இல்லை. மூன்று முதல் ஐந்து நாட்களுக்கு ஒருமுறை தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும் மெல்லிய தோல் அது. ஒரு பக்கம் கோடானுகோடி பாக்டீரியா, மறுபக்கம் ரத்தம். நடுவில் ஒரே ஒரு வரிசை செல்கள். உடலின் நோய் எதிர்ப்பு செல்களில் பெரும்பங்கு இந்தச் சுவரை ஒட்டித்தான் இருக்கிறது.

இந்தச் செல்களுக்குச் சாப்பாடு இரண்டு வழியில் வருகிறது. ஒன்று ரத்தம், இன்னொன்று குடலுக்குள் நேரடியாக வரும் உணவு. பெருங்குடலின் செல்களுக்கு இதில் ஒரு விசேஷம் உண்டு. நாம் சாப்பிடும் நார்ச்சத்தை பாக்டீரியாக்கள் நொதிக்கவைத்து உண்டாக்கும் 'பியூட்டிரேட்' என்ற கொழுப்பு அமிலம்தான் அவற்றின் முக்கிய எரிபொருள். மேலிருந்து எதுவும் வரவில்லை என்றால் செல்களும் காயும், பாக்டீரியாக்களும் காயும். பசியில் இருக்கும் சில பாக்டீரியாக்கள் குடலைப் பாதுகாக்கும் சளிப்படலத்தையே தின்னத் தொடங்கும்.

'குடல் காஞ்சு போச்சு' என்று பேச்சுவழக்கில் சொல்கிறோம். ஐ.சி.யூ.வில் அது உவமை இல்லை.

இதற்கு மேல் ஆன்டிபயாட்டிக், வலிக்கான மார்ஃபின் வகை மருந்து, அமிலத்தைக் குறைக்கும் ஊசி. மூன்றுமே தேவையானவை. ஆனால் மூன்றுமே குடலில் யார் வாழ்வது என்பதை மாற்றிவிடும். நல்ல பாக்டீரியாக்கள் குறைந்து, நோய் உண்டாக்கக்கூடியவை பெருகும். இந்த மாற்றம் வாரக்கணக்கில் அல்ல, காயமடைந்த சில நாட்களிலேயே தொடங்கிவிடுகிறது.

அப்புறம் நுரையீரலுக்கு வருவோம். குடலிலிருந்து கிளம்பும் நிணநீர் நேராக இதயத்துக்குப் பக்கத்தில் உள்ள பெரிய ரத்தக்குழாயில் கலக்கிறது. அங்கிருந்து அடுத்த நிறுத்தம் நுரையீரல். பாதிக்கப்பட்ட குடலிலிருந்து வரும் அழற்சிப் பொருட்கள் முதலில் தாக்குவது நுரையீரலைத்தான் என்று ஒரு கோட்பாடு நீண்டகாலமாகப் பேசப்படுகிறது. காலில் அடிபட்டவர் ஐந்தாம் நாள் நிமோனியாவில் விழுவது ஏன் என்ற கேள்விக்கு அது ஒரு பதில். முழுப் பதில் அல்ல.

பழைய கதை, புதிய கணக்கு

1842-ல் லண்டன் அறுவை மருத்துவர் தாமஸ் கர்லிங், தீக்காயம் அடைந்தவர்களின் சிறுகுடல் தொடக்கத்தில் புண் வருவதைப் பதிவு செய்தார். எரிந்தது தோல், புண் வந்தது குடலில். இன்றும் அந்தப் புண்ணுக்கு அவர் பெயர்தான்.

1930-களில் கிளாஸ்கோவில் டேவிட் கத்பர்ட்சன் எலும்பு முறிந்தவர்களின் சிறுநீரைச் சோதித்தார். அதில் நைட்ரஜன் ஏராளமாக வெளியேறிக்கொண்டிருந்தது. உடம்பு தன் தசையையே உடைத்து எரிக்கிறது என்று பொருள். எவ்வளவு வேகமாக என்பதற்கு லண்டன் மருத்துவர்கள் 2013-ல் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். ஐ.சி.யூ.வில் இருந்த 63 பேரின் தொடைத் தசையை அல்ட்ராசவுண்டில் அளந்ததில், 10 நாளில் தசையின் குறுக்களவு சராசரியாக 17.7 சதவீதம் குறைந்திருந்தது.

குழாய் உணவா, நரம்பு வழி உணவா என்ற வாதத்தைத் திருப்பிப்போட்ட ஆய்வு அமெரிக்காவின் மெம்ஃபிஸில் நடந்தது. 1992-ல் வெளியானது. வயிற்றில் பலத்த காயமடைந்த 98 பேரில் ஒரு பாதிக்குக் குடல் வழியாகவும், மறுபாதிக்கு நரம்பு வழியாகவும் ஊட்டச்சத்து கொடுத்தார்கள். நிமோனியா வந்தது குடல் வழி உணவு பெற்றவர்களில் 11.8 சதவீதம் பேருக்கு. நரம்பு வழி பெற்றவர்களில் 31 சதவீதம்.

அதன்பிறகு நிலவரம் கொஞ்சம் மாறியிருக்கிறது. 2014-ல் பிரிட்டனில் 2,400 ஐ.சி.யூ. நோயாளிகளிடம் நடந்த ஆய்வில் இரு வழிகளுக்கும் உயிரிழப்பில் வித்தியாசம் இல்லை. நரம்பு வழி ஊட்டச்சத்தின் தரமும், கிருமி நுழையாமல் பார்த்துக்கொள்ளும் முறையும் முன்னேறியது ஒரு காரணமாக இருக்கலாம். ஆனாலும் விலை, வசதி, குடலின் நலம் மூன்றையும் பார்த்தால் குழாய்தான் முதல் தேர்வு. குடல் வேலை செய்யாதபோதுதான் மற்றது.

அந்த பாட்டிலில் என்னதான் இருக்கு?

மருத்துவமனையில் தொங்கும் எல்லா பாட்டிலையும் நாம் 'குளுக்கோஸ்' என்று சொல்லிவிடுகிறோம். அதில் பல வெறும் உப்புக் கரைசல். கலோரியே இல்லை. உண்மையிலேயே குளுக்கோஸ் பாட்டிலாக இருந்தாலும், 5 சதவீத அரை லிட்டர் பாட்டிலில் இருப்பது 25 கிராம் சர்க்கரை. ஐந்து டீஸ்பூன். 100 கலோரிக்கும் குறைவு. புரதம் பூஜ்ஜியம்.

60 கிலோ எடையுள்ள ஒருவருக்கு இந்த நிலையில் என்ன தேவை? கிலோவுக்கு 25 முதல் 30 கலோரி என்றால் நாளைக்கு 1,500 முதல் 1,800. புரதம் கிலோவுக்கு 1.2 முதல் 2 கிராம் வரை, அதாவது 72 முதல் 120 கிராம். நடுவில் 90 கிராம் என்று வைத்துக்கொண்டால் 15 முட்டை.

ஆக அந்த பாட்டில் தண்ணீர் வற்றாமல் பார்த்துக்கொள்ளும், மருந்து ஏற்ற வழி திறந்து வைக்கும். பசிக்கு அது பதில் இல்லை.

"காத்து பிரிஞ்சுதா?"

அறுவை சிகிச்சை முடிந்தவரிடம் நம் ஊரில் கேட்கப்படும் புகழ்பெற்ற கேள்வி இது. காற்று பிரிந்தால்தான் குடல் வேலை செய்கிறது, அதுவரை பச்சைத் தண்ணிகூடக் கிடையாது என்பது பல தலைமுறை நம்பிக்கை. பழைய மருத்துவமும் அப்படித்தான் சொன்னது. ஸ்டெதாஸ்கோப்பை வயிற்றில் வைத்துச் சத்தம் கேட்கிறதா என்று பார்த்தபிறகுதான் உணவு.

இன்றைய வழிகாட்டுதல்கள் ஐ.சி.யூ. நோயாளிகளுக்கு இந்த இரண்டுக்காகவும் காத்திருக்க வேண்டாம் என்கின்றன. அந்தச் சத்தம் குடல் அசைவைப் பற்றியது. உறிஞ்சும் வேலையைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை. வயிறு அசையாமல் இருந்தாலும் சிறுகுடல் உணவை எடுத்துக்கொள்ளும்.

தொடக்கத்தில் கொடுப்பதும் பெரிய அளவு இல்லை. மணிக்கு 10, 20 மில்லி. ஒரு நாள் முழுக்கக் கொடுத்தாலும் அரை லிட்டரைத் தாண்டாது. இது வயிற்றை நிரப்ப அல்ல, குடல் சுவரை உயிரோடு வைக்க. அடுத்த சில நாட்களில் படிப்படியாக ஏற்றுவார்கள்.

மூக்கு வழியாகப் போகும் அந்தக் குழாயை எல்லோரும் 'ரைல்ஸ் டியூப்' என்பார்கள். ஜான் ரைல் என்ற ஆங்கிலேய மருத்துவர் 1921-ல் வடிவமைத்தது. தலையின் அடிப்பகுதி எலும்பு முறிந்திருந்தால் மூக்கு வழியாக விடமாட்டார்கள், வாய் வழியாகத்தான். குழாய் வயிற்றில்தான் இருக்கிறதா, தவறி நுரையீரலுக்குப் போய்விட்டதா என்று எக்ஸ்ரே பார்ப்பார்கள். படுக்கையின் தலைப்பக்கம் 30 முதல் 45 டிகிரி உயர்ந்திருக்கும். உணவு எதுக்களித்து மூச்சுக்குழாயில் இறங்காமல் இருக்க இந்த ஏற்பாடு. "கழுத்து வலிக்குமே" என்று நீங்களாகக் கட்டிலை இறக்கிவிடக் கூடாது.

சிஸ்டர் சிரிஞ்சை வைத்து வயிற்றில் இருப்பதை வெளியே இழுத்துப் பார்ப்பதையும் கவனித்திருப்பீர்கள். முன்பெல்லாம் 200 மில்லி தேங்கியிருந்தாலே உணவை நிறுத்திவிடுவார்கள். வாந்தி, வயிறு வீக்கம் இல்லையென்றால் 500 மில்லிக்குக் கீழ் இருப்பதை மட்டும் வைத்து நிறுத்த வேண்டாம் என்பது இப்போதைய கருத்து.

கொடுக்கவே கூடாத நேரம்

இது முக்கியம். 'சீக்கிரம் கொடுக்கணும்' என்று படித்துவிட்டு மருத்துவரிடம் சண்டைக்குப் போய்விடாதீர்கள்.

ரத்த அழுத்தம் சரிந்து, அதைத் தூக்க மருந்தின் அளவைக் கூட்டிக்கொண்டே போகும் நிலையில் குடலுக்கு ரத்தமே சரியாகப் போவதில்லை. அப்போது உணவைத் தள்ளினால் குடல் அழுகும் ஆபத்து உண்டு. 2018-ல் வெளியான ஒரு பிரெஞ்சு ஆய்வில், அதிர்ச்சி நிலையில் வென்டிலேட்டரில் இருந்த 2,410 பேரில், தொடக்கத்திலேயே குடல் வழி முழு அளவு உணவு பெற்ற பிரிவில்தான் இந்தப் பாதிப்பு அதிகம் தெரிந்தது. குடல் அறுந்து இன்னும் இணைக்கப்படாமல் இருந்தால், அடைப்பு இருந்தால், குடலில் ரத்தக்கசிவு நிற்கவில்லை என்றால் உணவு காத்திருக்கத்தான் வேண்டும்.

இன்னொரு ஆபத்து, விபத்துக்கு முன்பே உடம்பு மெலிந்தவர்களுக்கு. ஷிஃப்ட்டுக்கு ஷிஃப்ட் டீயும் பன்னுமாக ஓட்டியவர், தினமும் குடிப்பவர் ஆகியோருக்குத் திடீரென முழு உணவு கொடுத்தால் ரத்தத்தில் பாஸ்பேட், பொட்டாசியம் சரிந்து இதயமே தடுமாறலாம். இரண்டாம் உலகப் போரில் பட்டினியிலிருந்து மீண்டவர்களிடம் மருத்துவர்கள் கண்டது இதைத்தான். அதனால் இவர்களுக்கு முதலில் தயமின் ஊசி, பிறகு மெதுவாக உணவு. இந்த விவரத்தை மருத்துவருக்குச் சொல்லக்கூடிய ஒரே ஆள் குடும்பத்தினர்தான். குடிப்பழக்கத்தை மறைப்பது மானத்தைக் காப்பாற்றலாம், ஆளைக் காப்பாற்றாது.

வெளிமாநிலத் தொழிலாளி என்றால் இதைச் சொல்லவும் பக்கத்தில் ஆள் இருக்காது. அறை நண்பரோ, கான்ட்ராக்டரின் சூப்பர்வைசரோதான் கூட இருப்பார். அவர்களுக்குத் தெரிந்ததைச் சொன்னாலும் உதவிதான்.

ராகிக் கஞ்சி, இளநீர், தயிர்

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் உடம்பு முடியாதவருக்கு ராகிக் கஞ்சி கொண்டுபோகாத வீடு குறைவு. நல்ல உணவுதான், சுண்ணாம்புச் சத்துக்கு அதை மிஞ்சிய தானியம் இல்லை. ஆனால் 20 கிராம் மாவில் காய்ச்சிய ஒரு டம்ளர் நீர்த்த கஞ்சியில் புரதம் ஒன்றரை கிராம்கூட வராது. அந்த 90 கிராமுக்கு எத்தனை டம்ளர் என்று நீங்களே கணக்குப் போடுங்கள். கெட்டியாக்கினால் குழாய் அடைத்துக்கொள்ளும்.

அரசு மருத்துவமனைகளில் பால், முட்டை, பருப்பு சேர்த்து அரைத்த உணவு கொடுப்பது உண்டு. தனியாரில் பெரும்பாலும் பவுடர். பவுடர்தான் உசத்தி, அரைத்தது மட்டம் என்றில்லை. அரைத்த உணவில் கவனிக்க வேண்டியது சுத்தமும் நேரமும். அறை வெப்பத்தில் ஓரிரு மணி நேரத்துக்கு மேல் வைத்தால் கிருமி பெருகும். வீட்டிலிருந்து ஃபிளாஸ்க்கில் பஸ் ஏறி வந்த கஞ்சி எத்தனை மணி நேரப் பழசு என்று யோசித்துப் பாருங்கள்.

இளநீர் விஷயத்தில் இன்னும் கவனம். அதில் பொட்டாசியம் அதிகம். லாரிக்கடியிலோ பாறைக்கடியிலோ தொடை நசுங்கியவருக்குச் சிதைந்த தசையிலிருந்தே பொட்டாசியம் ரத்தத்தில் கொட்டிக்கொண்டிருக்கும், சிறுநீரகமும் திணறும். அவருக்கு இளநீர் குளிர்ச்சி இல்லை, ஆபத்து.

'குடலுக்கு நல்ல பாக்டீரியா' என்று தயிரோ புரோபயாட்டிக் மாத்திரையோ வாங்கிக் கொடுக்கலாமா? 2021-ல் வெளியான ஆய்வில், வென்டிலேட்டரில் இருந்த 2,650 பேரில் ஒரு பிரிவினருக்கு புரோபயாட்டிக் கொடுத்துப் பார்த்தார்கள். நிமோனியா குறையவில்லை. சிலருக்கு அந்த பாக்டீரியாவே ரத்தத்தில் கலந்தது. குளூட்டமைன் பவுடர் கதையும் இதே மாதிரிதான். குடல் செல்லின் எரிபொருள் என்பதால் எல்லோரும் நம்பிக்கை வைத்தார்கள். 2013-ல் பல உறுப்புகள் செயலிழந்தவர்களிடம் நடந்த ஆய்வில் அதைப் பெற்றவர்களில் இறப்பு கூடியது. தீக்காய நோயாளிகள் 1,200 பேரிடம் நடத்தி 2022-ல் வெளியான ஆய்விலும் பலன் இல்லை. வாட்ஸ்அப்பில் வரும் பரிந்துரைகளுக்குப் பணம் செலவழிக்கும் முன் இதை நினைவில் வையுங்கள்.

தீக்காயம் என்றால் கணக்கே வேற

2023 அக்டோபர் 7-ம் தேதி, ஓசூரை ஒட்டிய அத்திப்பள்ளியில் பட்டாசுக் கடை தீப்பிடித்தது. தீபாவளி சீசனுக்கு வேலைக்குப் போன தமிழ்நாட்டு இளைஞர்கள் உட்பட 14 பேருக்கு மேல் உயிரிழந்தனர். அதே ஆண்டு ஜூலை 29-ல் கிருஷ்ணகிரி பழையபேட்டையில் பட்டாசுக் குடோன் வெடித்திருந்தது. இந்த எல்லைப் பகுதிக்குத் தீக்காய சிகிச்சை தூரத்து விஷயம் இல்லை.

தோல் போன இடத்திலிருந்து தண்ணீரும் புரதமும் நாள் முழுக்கக் கசியும். உடல் பரப்பில் 40 சதவீதத்துக்கு மேல் எரிந்தவருக்கு, உடம்பு எரிக்கும் சக்தி வழக்கத்தைவிட ஏறக்குறைய இரட்டிப்பாகலாம். அதனால்தான் அந்த 12 மணி நேர அவசரம். தீக்காய நோயாளிக்கு இன்னொரு தொல்லை, அடிக்கடி நடக்கும் அறுவை சிகிச்சை. ஒவ்வொரு முறையும் முந்தைய இரவிலிருந்து பட்டினி. சிகிச்சை தள்ளிப்போனால் பட்டினியும் நீளும். வாரத்தில் மூன்று நாள் இப்படிப் போனால், காகிதத்தில் எழுதிய 1,800 கலோரியில் பாதிகூட உள்ளே போயிருக்காது.

எல்லை தாண்டும்போது

ஆம்புலன்ஸில் ஏற்றும் முன் வாந்தி வராமல் இருக்கக் குழாய் உணவை நிறுத்துவது வழக்கம். அது சரிதான். நிறுத்தியதை மறுபடி தொடங்குவதுதான் நழுவும். புதிய மருத்துவமனையில் எல்லாம் முதலிலிருந்து ஆரம்பிக்கும்.

அதனால் ஓசூரிலோ கிருஷ்ணகிரியிலோ கிளம்பும்போது டிஸ்சார்ஜ் தாளில் இரண்டு வரி இருக்கிறதா என்று பாருங்கள்: குழாய் உணவு எப்போது தொடங்கியது, கடைசியாக எப்போது, எவ்வளவு கொடுத்தார்கள். இல்லையென்றால் எழுதித் தரச் சொல்லிக் கேட்கலாம். போய்ச் சேர்ந்த இடத்தில், "சிஸ்டர், இவருக்கு டியூப்ல ஃபீட் எப்பங்க ஆரம்பிப்பீங்க? டயட்டீஷியன் பார்த்தாங்களா?" என்று பணிவாகக் கேட்டாலே போதும். "இன்னும் பி.பி. நிலையா இல்ல, நாளைக்குப் பார்க்கலாம்" என்று பதில் வந்தால் அது நியாயமான பதில். "குளுக்கோஸ் போகுது" என்று வந்தால் டாக்டரிடம் இன்னொரு முறை கேளுங்கள்.

பணத்துக்கும் இதே கவனம் தேவை. தமிழக அரசின் திட்டத்தில் 600-க்கும் மேற்பட்ட மருத்துவமனைகள் இணைந்திருக்கின்றன, போகும் இடம் அதில் இருக்கிறதா என்று முதலிலேயே கேட்டுக்கொள்வது நல்லது. மத்திய அரசும் 2025 மே மாதம் சாலை விபத்துக்கான கட்டணமில்லா சிகிச்சைத் திட்டத்தை அறிவிக்கை செய்திருக்கிறது. நாடு முழுக்க, 7 நாள் வரை, 1.5 லட்சம் ரூபாய் வரை.

கண் விழித்தபிறகு

வென்டிலேட்டர் எடுத்தாச்சு, ஆள் கண் திறந்துவிட்டார், "தண்ணி" என்கிறார். பார்த்துக்கொண்டிருக்கும் அம்மாவுக்கோ மனைவிக்கோ மனசு கேட்குமா? யாரும் பார்க்காத நேரத்தில் ஒரு வாய் ஊற்றிவிடுவார்கள்.

பல நாள் தொண்டையில் குழாய் இருந்தவருக்கு விழுங்கும் தசை பலவீனமாக இருக்கும். தண்ணீர் வயிற்றுக்குப் போகாமல் நுரையீரலுக்கு இறங்கும். சில நேரம் இருமல்கூட வராது. அதனால் முதலில் விழுங்கும் பரிசோதனை. கெட்டியான கூழ் பதத்தில் ஒரு ஸ்பூன் கொடுத்துப் பார்ப்பார்கள். அதுவரை ஈரப் பஞ்சால் உதட்டை நனைக்கலாம், அதையும் சிஸ்டரிடம் கேட்டுவிட்டு.

வாயால் போதுமான அளவு சாப்பிடத் தொடங்கும்வரை டியூபை எடுக்கமாட்டார்கள். இரண்டு வழியும் சில நாள் சேர்ந்தே ஓடும். வீட்டிலிருந்து கஞ்சி கொண்டுவர வேண்டிய நேரம் அதுதான். கூடவே முட்டையும் பருப்பும்.